பாராலீகலின் சாப்பாட்டு மேசை யாருடைய அலுவலகம்?

கேட்டவர் நியூயார்க் நகரில் 18 பேர் வேலை செய்யும் ஒரு சட்ட அலுவலகத்தின் நிர்வாகப் பார்ட்னர். அவருடைய பாராலீகல் (வழக்கறிஞர்களுக்கு உதவும் சட்டப் பணியாளர்) ஒருவர், கணவருக்கு வேலை மாறியதால் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய்விட்டார். வேலையை விடவில்லை, அங்கிருந்தே செய்கிறார். அசோசியேட் (அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர்) ஒருவர் ஃப்ளோரிடாவில் வயதான பெற்றோருடன் இருந்துகொண்டு நியூயார்க் வழக்குகளைப் பார்க்கிறார். "எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்துவிட்டோம், பாதுகாப்பான இணைப்புக்கு விபிஎன் போட்டாயிற்று. ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்க ஒரு கண்காணிப்பு மென்பொருள் வாங்கலாம் என்றிருக்கிறோம். சட்டப்படி வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?" இதுதான் கேள்வி.

கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மென்பொருளை இன்னும் வாங்கவில்லை என்றால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சாதாரண நிறுவனம் ஒன்று ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டால், பெரும்பாலும் தொழிலாளர் சட்டத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் பதில் சொன்னால் போதும். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அதோடு முடிவதில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏபிஏ எழுதிய மாதிரி நெறி விதிகளை மாநிலங்கள் தங்களுக்கேற்ற மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தொழிலாளர் சட்டத்தை மீறினால் பணம் போகும். நெறி விதியை மீறினால் உரிமமே போகலாம். வீட்டிலிருந்து வேலை என்று வரும்போது இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. உங்கள் பாராலீகலின் சாப்பாட்டு மேசை, சம்பளச் சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் வேலையிடம். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் விதியைப் பொறுத்தவரை அது உங்கள் கோப்பறை. "அது அவர் வீடு, நமக்கென்ன" என்று இருந்துவிடுவதில்தான் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை ஆரம்பித்திருக்கின்றன.

சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன், வழக்கு அங்கிருந்துதான் முதலில் வரும். 1938-ல் வந்த கூட்டாட்சி நியாயத் தொழிலாளர் தரச் சட்டப்படி, வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பாராலீகலுக்கு அந்த விலக்கு பொதுவாகக் கிடையாது. அந்த வேலைக்கு உயர்நிலைச் சிறப்புப் பட்டம் கட்டாயத் தகுதி இல்லை என்பதால், பாராலீகல்களும் சட்ட உதவியாளர்களும் பொதுவாகத் தொழில்முறை விலக்கில் வரமாட்டார்கள் என்று தொழிலாளர் துறையின் ஒழுங்குமுறையே எழுதி வைத்திருக்கிறது. "மாதச் சம்பளம்தானே கொடுக்கிறோம், ஓவர்டைம் எதற்கு?" என்று கேட்கும் பார்ட்னர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் என்பதாலேயே விலக்கு வந்துவிடாது.

ஊழியர் அலுவலகத்தில் இருக்கும்வரை ஆறு மணிக்கு விளக்கை அணைத்துப் பூட்டினால் வேலை நின்றுவிடும். வீட்டில் அப்படி நிற்காது. முதலாளிக்குத் தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வீட்டில் வேலை நடந்தால் அந்த நேரமும் வேலை நேரம்தான். வேலை நடக்கக் கூடாது என்று நினைத்தால் அதை நிறுத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு சுற்றறிக்கை மட்டும் போட்டுவிட்டு, அந்த வேலையின் பலனை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்டில், தொழிலாளர் துறை இதற்கு ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. திட்டமிடாத நேரத்தைச் சொல்ல ஊழியருக்கு ஒழுங்கான வழி வைத்திருந்து, அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், முதலாளி ஒவ்வொரு கணினிப் பதிவையும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை என்றது. பல அலுவலகங்கள் இந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட்டன. சட்ட அலுவலகத்துக்கு அந்த நிம்மதி அவ்வளவாகப் பொருந்தாது.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்த பாராலீகலின் சம்பளத் தாள் ஒரு மாதம் முழுக்க ஒரே மாதிரி இருந்தது: காலை 9:00 முதல் மாலை 5:30 வரை, நடுவில் அரை மணி நேரச் சாப்பாடு, நாளுக்கு 8 மணி. ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை. அதே மாதத்தின் பில்லிங் பதிவை, அதாவது கட்சிக்காரரிடம் பணம் கேட்க எழுதும் நேரக் கணக்கை, பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 9:40-க்கு ஒரு பதிவு: "சான்றாவணங்களுக்கு எண்ணிடுதல், 1.4 மணி." அந்த நாளின் பில் நேரம் மட்டும் 9.2 மணி. அந்த 1.4 மணிக்குக் கட்சிக்காரருக்குப் பில் போயிருந்தது. அவர் பணமும் கட்டியிருந்தார். பாராலீகலுக்கு மட்டும் அந்த இரவுக்குக் காசு வரவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு அவர், "ஓவர்டைமுக்கு முன்னாலேயே அனுமதி வாங்கணும்னு சொன்னாங்க. ராத்திரி ஒன்பதரைக்கு யார்கிட்ட போய் வாங்குறது?" என்றார். மறுநாள் காலை தாக்கல் செய்ய வேண்டிய மனு அது.

அந்த அலுவலகம் "எங்களுக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்ல முடியும்? தெரிந்ததால்தானே பில் போட்டார்கள். மற்ற தொழில்களில் ஊழியர் எப்போது வேலை செய்தார் என்பதற்கு வெளியே தேடிச் சாட்சி கொண்டுவர வேண்டும். சட்ட அலுவலகம், வேலையை ஆறு ஆறு நிமிடமாக எண்ணிப் பில் போடுவதால், அந்தச் சாட்சியைத் தானே எழுதி, தலைப்பும் போட்டு, பத்திரமாக வைத்திருக்கிறது. கொடுக்காத ஓவர்டைமோடு அதே அளவு தொகை சேர்ந்து இரட்டிப்பாகலாம். இரண்டு வருடம் பின்னோக்கிப் போகலாம், தெரிந்தே செய்தது என்றால் மூன்று வருடம். நிர்வாகத்தை நடத்தும் பார்ட்னர் தனிப்பட்ட முறையிலும் "முதலாளி" என்ற வரையறைக்குள் வரலாம். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரே நாளைப் பற்றி அந்த அலுவலகத்தில் இரண்டு பதிவுகள் இருந்தன, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். சம்பளத் தாள் உண்மை என்றால் கட்சிக்காரரிடம் வாங்கிய பணம் பொய். பில் உண்மை என்றால் சம்பளத் தாள் பொய். வழக்கறிஞர் அல்லாத ஊழியரின் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை மாதிரி விதி 5.3 வழக்கறிஞர் மேல்தான் வைக்கிறது. இதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன்னால் விளக்க வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம்.

செய்ய வேண்டியது சிக்கலானதில்லை. ஒவ்வொரு சம்பள வாரமும் பில்லிங் பதிவையும் சம்பளப் பதிவையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டே எழுதிய மின்னஞ்சல், இரவு பத்து மணி குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பயமில்லாமல் எழுதும்படி ஒரு வழி வைக்க வேண்டும். முன் அனுமதி விதி இருக்கட்டும், அதை மீறினால் கண்டிக்கலாம். ஆனால் செய்த வேலைக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் கண்டிக்க வேண்டும். 20 நிமிடத்துக்குக் குறைவான சின்ன இடைவேளைகள், காபி போட எழுந்து போவது உட்பட, சம்பளம் உள்ள நேரம்தான். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் அப்படித்தான் என்று தொழிலாளர் துறை 2023 பிப்ரவரியில் திரும்பவும் உறுதி செய்தது. அப்புறம், பார்ட்னர்களே இரவு பதினொரு மணிக்குப் பாராலீகலுக்குச் செய்தி அனுப்புவதை விட வேண்டும். "பதில் இப்போதே வேண்டாம்" என்று எழுதினாலும் அவர் பார்ப்பார், பார்த்தால் செய்வார்.

இது கூட்டாட்சிச் சட்டம் மட்டும். உங்கள் பாராலீகல் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். பொதுவாக, வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மாநிலத்தின் சம்பளச் சட்டம் பொருந்தும். அலுவலகப் பலகை எங்கே தொங்குகிறது என்பது இதில் பெரிதாக எண்ணப்படாது. கலிஃபோர்னியாவில் வாரக் கணக்கோடு நாள் கணக்கும் உண்டு: ஒரே நாளில் 8 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு, 12 மணியைத் தாண்டினால் இரண்டு மடங்கு. ஐந்தாவது மணி முடிவதற்குள் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை கிடைக்க வழி செய்ய வேண்டும். தவறினால் அந்த நாளுக்கு ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாக. நியூயார்க் சம்பள மென்பொருளில் 40 மணியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

செலவுக் கணக்கும் அப்படித்தான். வேலைக்காக ஊழியர் செய்யும் அவசியமான செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு. சொந்தக் கைப்பேசியை வேலைக்குக் கட்டாயமாகப் பயன்படுத்த வைத்தால், ஊழியருக்குக் கூடுதல் பில் வராவிட்டாலும், அதில் ஒரு நியாயமான பங்கைத் தர வேண்டும் என்று 2014-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பெருந்தொற்றில் வீட்டுக்கு அனுப்பியது அரசு உத்தரவு, எங்கள் முடிவில்லை என்று ஐபிஎம் வாதாடியது. 2023-ல் அந்த வாதமும் அங்கே எடுபடவில்லை. இணையத்துக்கும் கைப்பேசிக்கும் மாதாமாதம் ஒரு நியாயமான தொகை கொடுத்துவிடுங்கள். சின்னத் தொகையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய வழக்கு வாங்க வேண்டாம்.

பதிவு, வரி, காப்பீடு: இவை அலுப்பான விஷயங்கள், ஒரு நல்ல கணக்காளரிடம் கொடுத்தால் முடிந்துவிடும். ஒருவர் வேறு மாநிலத்தில் வேலை செய்தால் அங்கே முதலாளியாகப் பதிவு, வரிப் பிடித்தம், வேலையிழப்புக் காப்பீடு, பணிக்காயக் காப்பீடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்று உங்கள் அசோசியேட் சந்தோஷமாக இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நியூயார்க்கின் "முதலாளியின் வசதி" விதிப்படி, முதலாளியின் தேவைக்காக இல்லாமல் ஊழியர் தன் வசதிக்காக வெளியிலிருந்து வேலை செய்த நாட்களின் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்கும். கனெக்டிகட்டில் வசித்து நியூயார்க்கில் பாடம் நடத்திய ஒரு சட்டப் பேராசிரியர் இதை எதிர்த்து மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2003-ல் தோற்றார்.

பணிக்காயம் எவ்வளவு தூரம் மாநிலத்தைப் பொறுத்தது என்பதற்கு இரண்டு நாய்களை உதாரணம் சொல்லலாம். ஒரேகானில் ஓர் உட்புற அலங்காரப் பணியாளர், வேலைக்கான துணியை எடுக்க வீட்டின் கார் கொட்டகைக்குப் போகும்போது தன் நாயின் மேல் தடுக்கி விழுந்தார். பணிக்காயம்தான் என்று 2011-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. வீட்டிலிருந்து காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்துவந்த இன்னொருவர் காபிக் கோப்பையை எடுக்கப் போகும்போது தன் நாயின் மேல் தடுக்கி விழுந்தார். ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் அதை ஏற்கவில்லை. வீடும் நாயும் விழுந்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தீர்ப்பு வேறு. ஊழியர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அலுவலகத்துக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். "இரண்டு மாதம் தங்கை வீட்டில் இருந்து வேலை பார்த்தேன்" என்பது வரித் தாக்கலின்போது தெரியவரக் கூடாது.

அசோசியேட்டுக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. அவர் நியூயார்க்கில் உரிமம் பெற்றவர், உட்கார்ந்திருப்பது ஃப்ளோரிடாவில். அனுமதியில்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்கிறார் என்று ஃப்ளோரிடா சொல்லுமா? ஏபிஏ 2020 டிசம்பரில் வெளியிட்ட 495-ஆம் கருத்துரை இதற்கு வழி சொல்கிறது. தனக்கு உரிமம் உள்ள மாநிலத்தின் சட்டத்தை வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு தொலைவிலிருந்து செய்யலாம். அந்த மாநிலம் அதைத் தடை செய்திருக்கக் கூடாது. அங்கே தான் வழக்கறிஞர் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. 2021 மே மாதம் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் இதே திசையில் ஒரு கருத்துரையை ஏற்றுக்கொண்டது. நியூஜெர்சியில் உரிமம் பெற்ற ஒருவர் ஃப்ளோரிடா வீட்டிலிருந்து கூட்டாட்சி அறிவுசார் சொத்துரிமை வேலைகளைச் செய்யலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. உங்கள் அசோசியேட்டின் கையெழுத்துக்குக் கீழே, விசிட்டிங் கார்டில், இணையதளத்தில் ஃப்ளோரிடா முகவரி வரவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் குத்தகைத் தகராறுக்கு யோசனை கேட்டால் அன்போடு மறுத்துவிட வேண்டும். மாநிலத்துக்கு வெளியே வசிக்கும் வழக்கறிஞர் நியூயார்க்கில் தொழில் செய்ய அங்கே ஓர் அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நியூயார்க் நீதித்துறைச் சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு அலுவலகம் இருப்பதால் சரி. வாடகையை மிச்சம் பிடிக்க அதை மூடிவிடலாம் என்ற யோசனை வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கண்காணிப்பு மென்பொருள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

சட்டம் முதலில். நியூயார்க்கில் தொழிலிடம் உள்ள எந்தத் தனியார் முதலாளியும் ஊழியரின் மின்னஞ்சல், தொலைபேசி, இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தால், வேலைக்குச் சேர்க்கும்போதே எழுத்தில் சொல்லி, ஊழியர் அதைப் பார்த்ததற்கு ஒப்புதல் வாங்கி, அலுவலகத்தில் அறிவிப்பும் ஒட்ட வேண்டும். 2022 மே 7 முதல் இது சட்டம். அபராதம் முதல் மீறலுக்கு 500 டாலர் வரை, இரண்டாவதற்கு 1,000 வரை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 3,000 வரை. இதைச் செய்துவிட்டால் சட்டச் சிக்கல் தீர்ந்தது என்று விற்பனையாளர் சொல்வார். தொழிலாளர் சட்டச் சிக்கலில் ஒரு பகுதிதான் தீர்ந்திருக்கும்.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் பாராலீகலின் திரையில் என்ன இருக்கும்? விவாகரத்து வழக்கில் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கு. ஒரு குழந்தையின் மருத்துவ அறிக்கை. எதிர்த்தரப்புக்குத் தெரியக் கூடாத சமரசத் தொகை. அந்தப் படங்கள் எல்லாம் நீங்கள் ஒருநாளும் போய்ப் பார்க்காத ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. அவற்றை யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும், எப்போது அழியும் என்று உங்களுக்குத் தெரியாது. கட்சிக்காரர் தொடர்பான தகவல் அனுமதியில்லாமல் வெளியே போகாமல் இருக்க வழக்கறிஞர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 2012-ல் மாதிரி விதி 1.6-ல் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். அதே வருடம் விதி 5.3-ன் தலைப்பில் "உதவியாளர்கள்" என்ற சொல்லை "உதவி" என்று மாற்றினார்கள். ஒரு சொல்தான் மாறியது. ஆனால் அதோடு மென்பொருள் நிறுவனம், மேகச் சேமிப்பு போன்ற வெளிச்சேவைகளும் வழக்கறிஞரின் மேற்பார்வைப் பொறுப்புக்குள் தெளிவாக வந்துவிட்டன. ஊழியரைக் கண்காணிக்க வாங்கிய கருவியே கட்சிக்காரரின் ரகசியம் கசியும் ஓட்டையாகிவிடும். ஒரு சட்டத்துக்குப் பயந்து இன்னொன்றை உடைத்த கதைதான் அது.

விசைப்பலகை அசைவை எண்ணுவதால் யார் வேலை செய்கிறார் என்பதும் தெரியாது. நாற்பது பக்க வாக்குமூலத்தைக் கவனமாகப் படிப்பவரின் விசைப்பலகை அசையாது. யார் எந்த வழக்கில் என்ன முடித்தார், எங்கே தடுமாறுகிறார் என்பது தினம் 15 நிமிடம் பேசினால் தெரியும். மேற்பார்வை என்று நெறி விதி கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். அனுமதியில்லாத கோப்பை யாராவது திறக்கிறார்களா, பெரிய அளவில் தரவை வெளியே இறக்குகிறார்களா என்று பார்க்கும் பாதுகாப்புப் பதிவு தேவைதான். அது கோப்பைக் காப்பதற்கு. ஆளை வேவு பார்ப்பதற்கு இல்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏபிஏ 2021 மார்ச்சில் வெளியிட்ட 498-ஆம் கருத்துரை, மெய்நிகர் முறையில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கானது. கட்சிக்காரரோடு பேசும்போது குரல் கேட்கும் ஸ்பீக்கர்களின் கேட்கும் வசதியை அணைத்து வையுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அடுப்படியில் பாட்டுப் போடுவதற்காக வைத்த பெட்டி, வாக்குமூலத் தயாரிப்பையும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருமுறை காணொளி அழைப்பில் ஓர் இளம் வழக்கறிஞருக்குப் பின்னால் குளிர்பெட்டியின் கதவு தெரிந்தது. காந்தத்தில் செருகிய தாளில், சாட்சியின் பெயரும் ஆஜராக வேண்டிய தேதியும் பெரிய எழுத்தில். மறக்காமல் இருக்க ஒட்டினாராம். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, அலுவலகத்தில் வெள்ளைப் பலகை இருந்த பழக்கம் அது. வீட்டில் அதைப் படிக்கும் கண்கள் வேறு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கணவன், மனைவி, அறைத்தோழர் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதும் முக்கியமாகலாம். ஒரே வீட்டில் ஒருவர் வாதித் தரப்பு அலுவலகத்திலும் இன்னொருவர் எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திலும் இருப்பது நடக்காத காரியமில்லை. ஊழியரின் குடும்பத்தைத் துருவிக் கேட்காதீர்கள். "இந்த வழக்கின் தரப்புகளில் யாரோடாவது உங்கள் வீட்டில் யாருக்காவது தொடர்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு புதிய வழக்குக்கும் ஒரு வரி போதும். வீட்டில் அச்சிட்ட தாளுக்கு அதைத் துண்டு துண்டாகக் கிழிக்கும் ஒரு ஷ்ரெடர் வாங்கிக் கொடுங்கள். குழந்தைகள் பின்பக்கத்தில் படம் வரைவது பெரும்பாலும் அந்தத் தாளில்தான்.

அழைப்புகளைப் பதிவு செய்வதில் ஒரு எச்சரிக்கை. நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும். ரகசியமாகப் பேசிய உரையாடல் என்றால் கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஜார்ஜியாவில் இருந்த ஊழியர்கள் கலிஃபோர்னியா வாடிக்கையாளர்களின் அழைப்புகளைப் பதிவு செய்த வழக்கில், கலிஃபோர்னியா விதியே பொருந்தும் என்று 2006-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஆட்கள் மூன்று மாநிலத்தில் இருப்பதால், கூட்டக் குறிப்பு எடுக்கும் தானியங்கி மென்பொருளை யாரும் கேட்காமல் ஓடவிட வேண்டாம்.

தனியாக உட்கார்ந்திருக்கும் இளையவர் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்? அலுவலகத்தில் பக்கத்து மேசையைக் கேட்பார். வீட்டில் சாட்பாட்டைக் கேட்பார். 2023 ஜூனில் மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றம், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் போட்டது. எந்தக் கருவியில் என்ன போடலாம், சரிபார்ப்பது யார் என்பதை எழுத்தில் வையுங்கள். அதைவிட, கேட்டால் எரிந்து விழாத ஒரு மூத்தவரை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "சரி, எல்லோரும் திரும்பி அலுவலகத்துக்கே வரட்டும்" என்று தோன்றலாம். அதிலும் சட்டம் இருக்கிறது. மெம்ஃபிஸ் நகரத்தின் மின்சாரம், எரிவாயு, குடிநீர் நிறுவனத்தில் உள்ளக வழக்கறிஞராக இருந்த ஒரு பெண், கர்ப்பச் சிக்கலால் படுக்கையில் இருக்க வேண்டியதாகி, 10 வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டார். நேரில் வருவது வேலையின் அடிப்படை, நீதிமன்றத்தில் வாதாட வேண்டும், சாட்சிகளை விசாரிக்க வேண்டும் என்று பணி விவரத்தைக் காட்டி மறுத்தார்கள். அவர் அங்கே இருந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த வேலைகளைச் செய்ததில்லை. நீதிமன்றத்தில் ஜூரி 92,000 டாலர் இழப்பீடு கொடுத்தது, 2018-ல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூட்டாட்சி மாற்றுத்திறனாளிகள் சட்டம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடங்களுக்கு, நீங்கள் 18. நியூயார்க் மாநிலச் சட்டமோ எண்ணிக்கையே பார்ப்பதில்லை. உடல்நிலை காரணம் சொல்லி ஒருவர் கேட்டால், "எல்லோருக்கும் ஒரே விதி" என்று பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. உட்கார்ந்து பேச வேண்டும், அந்த ஆளின் உண்மையான அன்றாட வேலை என்ன என்று பார்க்க வேண்டும், பேசியதை எழுதி வைக்க வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் ஆட்களிடம் ஆவண ஆய்வைக் கொடுப்பவர்களும் இதைக் கேட்பதால் சுருக்கமாக: 2008-ல் ஏபிஏ வெளியிட்ட 08-451-ஆம் கருத்துரை அதை அனுமதிக்கிறது. மேற்பார்வை உங்களுடையது. ரகசியத் தகவல் போகிறதென்றால் கட்சிக்காரரின் தெரிந்த சம்மதம் வேண்டும். அதைச் செலவாகக் காட்டிப் பில் போட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உண்மையில் ஆன செலவையும் அதற்குரிய மேல்செலவையும் தாண்டி லாபம் வைக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். இந்த வாரம் கலிஃபோர்னியா பாராலீகலைக் கூப்பிட்டு, எந்தத் தேதியில் குடிபோனார் என்று கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து அவருடைய பில்லிங் பதிவையும் சம்பளப் பதிவையும் எடுத்து, நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குறைவு இருந்தால் அவர் கேட்பதற்கு முன்னால், விடுபட்ட ஓவர்டைமைக் கணக்குத் தாளோடு கொடுத்துவிடுங்கள். இணையம், கைப்பேசிச் செலவையும் அந்தத் தேதியிலிருந்து சேருங்கள். அங்கே பதிவு செய்யவில்லை என்றால் கணக்காளரிடம் அன்றே சொல்லுங்கள். ஒருநாள் அவரை வேலையிலிருந்து நீக்க நேர்ந்தாலும் கலிஃபோர்னியா சட்டப்படி கடைசிச் சம்பளம் முழுவதும் அதே நாளில் அவர் கையில் போக வேண்டும். தெரிந்தே தாமதித்தால் 30 நாள் சம்பளம் வரை அபராதமாக ஏறும். லேப்டாப் திரும்பி வரவில்லை என்று அதிலிருந்து பிடித்துக்கொள்ள நினைக்காதீர்கள். லேப்டாப்பைத் தொலைவிலிருந்தே பூட்டி அழிக்கும் வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே உங்கள் கணினி ஆளைக் கேளுங்கள். கண்காணிப்பு மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதைச் செய்யலாம்.